பதினொன்றாம் நம்பர் வீடு

"நீங்க இன்னைக்குக் கோர்ட்டுக்கு ஹெலிகாப்டர்ல வந்தீங்க," என்றாள் பெவ்.

"ஆமா மொதலாளி," என்றார் லென்.

பெவ் கண்ணை மூடித் திறந்தாள். சாட்சிகள் காத்திருக்கும் அந்த அறையில் நாலு நீல நாற்காலி, ஒரு கெட்டில், கிரீம் பிஸ்கெட் ஒரு தட்டு, அழுகிறவர்களுக்காக ஒரு டிஷ்யூ பெட்டி. ஜன்னலுக்கு வெளியே யார்க்ஷயரின் அக்டோபர் மழை எதிர்ச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தது. பெவ் தன் கணவனுடைய கோடு போட்ட டையைப் பூப்போட்ட சட்டைக்கு மேல் கட்டியிருந்தாள். டை கட்டிய யார் எதைச் சொன்னாலும் லென் ஆமாம் போடுவார். அதற்காகத்தான் இந்த வேஷம்.

"எதுல வந்தீங்க லென்?"

"டாக்ஸிலம்மா."

"அப்புறம் ஏன் ஆமான்னீங்க?"

"நீங்க சொன்னீங்களே."

"நான் தப்பாச் சொன்னா?"

லென் யோசித்தார். ஐம்பத்தேழு வயது. ஆறடிக்குக் குறையாத உடம்பு, ஆனால் முட்டி இரண்டும் போய்விட்டதால் நிற்கும்போது குட்டையாகத் தெரிவார். கை விரல்கள் ஒவ்வொன்றும் மண்வெட்டிப் பிடி கனம். "தப்பாச் சொன்னா... இல்லன்னு சொல்லணும்," என்றார். சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தார்.

"யாரும் அடிக்க மாட்டாங்க. மறுபடியும். நேத்து ராத்திரி நீங்க ஒரு யானையைத் தின்னீங்க."

"ஆமா... இல்ல. இல்லம்மா. சிப்ஸ்தான்."

"அப்படிப் போடுங்க!" என்றாள் பெவ். இருவருக்கும் சிரிப்பு வந்தது.

பெவ் பேச்சுப் பயிற்சியாளர். பதினைந்து வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு இப்போது நீதிமன்றங்கள் கூப்பிடும்போது போகிறாள். கேள்வி புரியாத சாட்சிக்கும் சாட்சியைப் புரிந்துகொள்ளாத வக்கீலுக்கும் நடுவில் உட்காருவதுதான் வேலை. யார் பக்கமும் சாயக்கூடாது. வழக்கைப் பற்றிச் சாட்சியிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினால் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். ஆகவே மூன்று மாதமாக ஹெலிகாப்டரும் யானையும். சாயக்கூடாது என்ற விதி முகத்துக்குத்தான். லென் போலீசிடம் பேசிய வீடியோவைப் பார்த்த அன்று கிளைவ் டார்டாஃபைக் கழுத்தை நெரித்துப் போடலாம் போலத்தான் அவளுக்கும் இருந்தது.

டார்டாஃப் வீட்டு வாசல்களுக்குக் கல் பாவிக் கொடுக்கும் காண்டிராக்டர். கார் நிறுத்தும் இடத்தில் செங்கல் அளவுக் கற்களை மணலில் அடுக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டி இறுக்குகிற வேலை. எல்லாரையும்விட மலிவாகச் செய்வான். ஏன் மலிவு என்று யாரும் கேட்டதில்லை. வேலையைச் செய்தவர் லென். தாய் இறந்த மறு வாரம், பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவரை "வேலை வேணுமா?" என்று கேட்டு ஏற்றிப்போனவன் பத்தொன்பது வருடம் இறக்கி விடவில்லை. சம்பளம் கிடையாது. படுக்கை, கொல்லையில் நின்ற, குதிரை ஏற்றிப்போகும் பழைய வண்டிப் பெட்டி. அதற்கு வெளியே தாழ்ப்பாள். முட்டி வலிக்கிறது என்றால் மண்வெட்டிக் கட்டை. ஒரு பெருமழையில் கொல்லைக்குள் தண்ணீர் புகுந்தபோது வந்த தீயணைப்புக்காரர்கள்தான் தாழ்ப்பாளைத் திறந்து அவரைக் கண்டுபிடித்தார்கள்.

லென்னுக்கு இருந்தது ஒரே ஆசை. அதைத் தினமும் ஒரு தரமாவது கேட்பார்.

"ஜெயில்ல ரூம் எவ்வளவு பெருசும்மா?"

"எனக்குச் சரியாத் தெரியாது லென். பத்தடி இருக்கலாம்."

"என் பெட்டி எட்டடி. அதைவிடச் சின்னது இல்லையா அவங்ககிட்ட?"

"நான் கேட்டுப் பார்க்க முடியாது."

"ஜன்னல் இருக்குமா?"

"இருக்கும்."

"அதைச் சாத்திடச் சொல்லுங்க," என்பார் லென். விளையாட்டு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்.

சாட்சிக் கூண்டைச் சுற்றித் திரை போட நீதிபதியிடம் அனுமதி வாங்கியவள் பெவ். முன்னோட்டமாக ஒரு நாள் கோர்ட்டைக் காட்ட அழைத்து வந்தபோது, குற்றவாளிக் கூண்டு காலியாக இருந்தும், அது டார்டாஃப் உட்காரப்போகும் இடம் என்று தெரிந்ததும் லென் விறைத்து எழுந்து நின்றுவிட்டார். ஆகவே திரை. அவன் இவரைப் பார்க்க முடியாது. இவரும் அவனைப் பார்க்க முடியாது. இவர் கண்ணுக்கு நீதிபதி, வக்கீல்கள், குற்றவாளியா இல்லையா என்று சொல்ல ஊர்மக்களிலிருந்து எடுத்து எதிரே இரண்டு வரிசையில் உட்காரவைக்கும் ஜூரி பன்னிரண்டு பேர், அவ்வளவுதான்.

"அவன் மூஞ்சியைப் பாக்கணும்னு நெனச்சேன்," என்று லென் முனகினார்.

"பார்த்தா ஆமா மொதலாளின்னு சொல்லிடுவீங்க."

அது அவருக்கும் தெரியும். அதன் பிறகு திரையைப் பற்றி அவர் பேசவில்லை.

முதல் நாள் காலையில் போலீஸ் வீடியோவை ஜூரிக்குப் போட்டுக் காட்டினார்கள். மதியம் இரண்டரைக்கு லென்னை அழைத்தார்கள். அவருக்காக நீதிபதியம்மாவும் வக்கீல்களும் வெள்ளைப் பொய்முடிகளைக் கழற்றியிருந்தார்கள். டையையும் கழற்றலாமா என்று பெவ் முன்பே கேட்டிருந்தாள். அதற்கு நீதிபதியம்மா சிரித்தாரே தவிர ஒத்துக்கொள்ளவில்லை. கேள்விகள் சின்னதாக இருக்க வேண்டும், பதிலை வாயில் ஊட்டிவிட்டுச் 'சரிதானே' என்று கேட்கக்கூடாது, மீறினால் பெவ் கை தூக்குவாள் என்று மட்டும் முடிவாகியிருந்தது.

கூண்டில் ஏறியதும் லென்னின் மூச்சு வேகமாகியது. பெவ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியம் எடுக்கும்போது குரல் எழும்பவில்லை. பிறகு ஜூரி பக்கம் திரும்பினார். திரும்பியவர் அங்கேயே நின்றார். ஒரு நிமிடத்தில் மூச்சு நிதானமாகிவிட்டது. அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார். தாழ்ப்பாள் எந்தப் பக்கம், பனிக்காலத்தில் எதைப் போர்த்திக்கொண்டார், நாய்க்கு வைத்ததில் எதை எடுத்துத் தின்றார், எல்லாம். பயிற்சி பலித்துவிட்டது என்று பெவ் நினைத்தாள். பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார் என்று சொல்லி நாலேகாலுக்குக் கோர்ட் கலைந்தது. சாட்சி பாதியில் நிற்பவர் இரவில் யாரிடமும் வழக்கைப் பேசக்கூடாது என்று நீதிபதியம்மா சொன்னார். அதையே பெவ் டாக்ஸி வரும்வரை எளிய வார்த்தையில் மூன்று தரம் சொன்னாள்.

"யார்கிட்டயும் பேசக்கூடாது. இப்ப நீங்க தங்கியிருக்கிற ஹாஸ்டல்ல இருக்கிறவங்ககிட்ட?" என்று சோதித்தாள் பெவ்.

"பேசக்கூடாது."

"போலீஸ்காரர்கிட்ட?"

"கூடாது."

"என்கிட்ட?"

"உங்ககிட்டயுமா?"

"என்கிட்டயும்தான்."

லென் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "சரிம்மா," என்றார். டாக்ஸியில் ஏறும்போது அவர் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. பிஸ்கெட் தட்டிலிருந்து இரண்டை ஜேபியில் போட்டுக்கொண்டு போகிறார், அதுதான் காரணம் என்று பெவ் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் ஃபெர்ன்லி எழுந்தார். மெலிந்த மனிதர், பேச்சு மிருது. அதட்டுகிற ஆளாக இருந்திருந்தாலாவது ஜூரிக்கு லென் மேல் இரக்கம் வந்திருக்கும்.

"லென், திரு. டார்டாஃப் உங்களுக்குச் சாப்பாடு போட்டாரா?"

"போட்டாரு."

"தூங்க இடம் கொடுத்தாரா?"

"கொடுத்தாரு."

"கிறிஸ்துமஸுக்கு ஏதாவது கொடுத்தாரா?"

"சாக்ஸ்."

ஜூரியில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பெவ் நகத்தால் தன் உள்ளங்கையை அழுத்திக்கொண்டாள்.

"நீங்க அங்க சந்தோஷமா இருந்தீங்க, இல்லையா?"

பெவ் கையைத் தூக்கினாள். நீதிபதியம்மா வாயெடுப்பதற்குள் லென் பதில் சொல்லிவிட்டார்.

"இல்ல."

பெவ்வின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. ஃபெர்ன்லி கழுத்துப் பட்டியைத் தொட்டுக்கொண்டார். "போகணும்னு நினைச்சிருந்தா நீங்க போயிருக்கலாம்."

"இல்ல. ரெண்டு தடவ போனேன். வேன்ல வந்து புடிச்சாங்க. அப்புறந்தான் தாழ்ப்பாளு."

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. அது டார்டாஃபின் நாற்காலி. லென்னின் தோள் ஒரு கணம் குறுகி மறுபடி விரிந்தது. அவர் ஜூரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்களை அடிச்சாருன்னு சொல்றீங்க. எங்க அடிச்சாரு?"

"முதுகுல. முட்டியில."

"எந்த இடத்துல வெச்சுன்னு கேக்கறேன்."

"வேலை செய்யற எடத்துல. வீட்டு வாசல்ல."

"அந்த வீடுகள்ல ஆள் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"அவர் அடிச்சதை யாராவது பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

ஃபெர்ன்லி அதோடு நிறுத்தி உட்கார்ந்திருக்கலாம். பெயர் தெரியாது, தேதி தெரியாது, வருடம்கூடச் சொல்லத் தெரியாது இந்த ஆளுக்கு என்று போலீஸ் தாள்களில் படித்திருந்தவர், அந்தத் தைரியத்தில் இன்னும் ஒரு கேள்வி கேட்டார்.

"யாரு?"

லென் கையை நீட்டினார். "அதோ. பின்னாடி வரிசையில ரெண்டாவது. பச்சை ஸ்வெட்டர் போட்ட அம்மா."

பன்னிரண்டு பேரில் ஒருத்தி. நாற்பத்தைந்து வயது இருக்கும். மடியில் குறிப்பு எழுதும் தாள், காதில் சின்ன முத்து. அவள் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். இல்லை என்று அவள் சொல்லவில்லை.

"நம்பர் பதினொன்னு," என்றார் லென். வருடம் தெரியாதவருக்குக் கல் தெரியும். "மீன்முள்ளு வரிசை. ஓரத்துல கறுப்புக் கல்லு ரெண்டு வரி. மூலையில சாக்கடை மூடி. அதைச் சுத்திக் கல்லை வெட்டி வெட்டி வெச்சேன், ஒரு நாள் பூரா ஆச்சு. மறுநாள் முட்டி மடங்கல. உக்காந்துட்டேன். மொதலாளி கட்டையால முதுகுல போட்டான், நாலு போடு. மேல ஜன்னல்ல அந்தம்மா நின்னுச்சு. கீழ எறங்கி வந்துச்சு. சத்தம் கேக்குது, கொழந்தை தூங்குதுன்னு மொதலாளிகிட்ட சொல்லுச்சு. அவனுக்கு டீ கொடுத்துச்சு. கதவைச் சாத்திக்கிச்சு."

பெவ் கை தூக்கவும் மறந்தாள், இறக்கவும் மறந்தாள். நீதிபதியம்மா பேனாவை வைத்துவிட்டு ஜூரியை உடனே வெளியே அழைத்துப் போகச் சொன்னார். பன்னிரண்டு பேரும் எழுந்து வரிசையாகப் போனார்கள். பச்சை ஸ்வெட்டருக்கு முன்னால் போனவளும் பின்னால் போனவனும் அவளை விட்டு ஓரடி தள்ளியே நடந்தார்கள்.

அவளைத் தனியாக அழைத்து விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. வாசலுக்குக் கல் போட்ட அந்தக் கோடையில் வேனில் வேறொரு கம்பெனிப் பெயர் இருந்தது. டார்டாஃப் வருடத்துக்கு ஒரு பெயர் மாற்றுவான். ஆகவே முதல் நாள் வழக்கில் வரும் பெயர்களைப் படித்து, தெரிந்தவர்கள் உண்டா என்று ஜூரியிடம் கேட்டபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை; காண்டிராக்டரின் முகமும் நினைவில் இல்லை. வேலை செய்தவரின் பெயரை, வேலை நடந்த ஆறு நாளில் அவள் கேட்டதே இல்லை. காலையில் வீடியோவில் அடையாளம் தெரியாதவரை மதியம் சாட்சிக் கூண்டில் நேரில் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. சொல்லலாம் என்றிருந்தாளாம். அதற்குள் பொழுது போய்விட்டதாம். சொல்லும்போது அழுதாளாம்.

ஒருத்தியை அனுப்பிவிட்டுப் பதினொரு பேரோடு நடத்தலாமா என்று ஒன்றரை மணி நேரம் வாதம் நடந்தது. முடியாது என்றார் ஃபெர்ன்லி, அது நியாயம்தான். தங்களோடு நேற்று உட்கார்ந்து டீ குடித்தவளே அடியைப் பார்த்தவள் என்பதைப் பதினொரு பேரும் கேட்டாகிவிட்டது. நீதிபதியம்மா ஜூரியைக் கலைத்தார். புது ஜூரி, முதலிலிருந்து விசாரணை, மே மாதம். அதுவரை டார்டாஃபுக்கு ஜாமீன் தொடரும்.

சாட்சி அறையில் லென் கெட்டிலைப் போட்டு இரண்டு டீ கலந்து வைத்திருந்தார். பெவ் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சொல்ல வேண்டியதைச் சின்னச் சின்ன வாக்கியமாக உடைத்துச் சொன்னாள். இன்றைக்கு முடிந்தது. அவன் வீட்டுக்குப் போகிறான். ஏழு மாதம் கழித்து மறுபடி நீங்கள் வர வேண்டும். மறுபடி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

"ஜெயிலு?"

"இப்ப இல்ல."

லென் கோப்பையைக் கீழே வைத்தார்.

பெவ் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டாள். "அந்தம்மாவை எப்பப் பார்த்தீங்க லென்?"

"நேத்து. ஏறின ஒடனே."

"நேத்தேவா! ஏன் சொல்லல?"

"நீங்கதான யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு சொன்னீங்க. மூணு தடவ சொன்னீங்க."

பெவ் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் வாயாலேயே கெடுத்தோம் என்று நினைத்தாள். "அது சாயங்காலம். கூண்டுல இருந்தப்பவே என் காதுல சொல்லியிருக்கலாமே. அப்பவே அவளை மட்டும் அனுப்பிட்டு மத்தவங்களை வெச்சு நடத்தியிருப்பாங்க. இந்த வாரமே முடிஞ்சிருக்கும். ஏழு மாசம் லென்! உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது."

"அப்புறம்?"

லென் தலை நிமிர்ந்தார். "நான் சொல்றதை அது பூராவும் கேக்கணும்னு நெனச்சேன். நாய்க்கு வெச்சதைத் தின்னது, பனியில படுத்தது எல்லாம். அன்னைக்கு ஜன்னலை விட்டுப் போயிடுச்சு. இங்க எந்திரிச்சுப் போக முடியாதுல்ல? மத்தியானம் முழுக்க உக்காந்து கேட்டுச்சு. நான் பாத்துக்கிட்டே சொன்னேன்."

"அதுக்காக டார்டாஃபை விட்டுட்டீங்களே!"

"அவன் மே மாசமும் வருவான்மா. வந்துதான் ஆகணும். அந்தம்மா வருமா?"

அவர் செய்தது மகா தப்பு என்று பெவ்வின் வேலை சொன்னது. நல்லா வேணும் அவளுக்கு என்று அவளுடைய மனசு சொன்னது. இரண்டையும் விழுங்கிவிட்டு அவர் கலந்த டீயைக் குடித்தாள். சர்க்கரை அதிகம்.

சாட்சிகளைப் பின்வாசல் வழியாக அனுப்புவதுதான் வழக்கம். பின்வாசல் தெருவில் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் டாக்ஸி பக்கத்துச் சந்தில் நிற்கும் என்றார்கள். அங்கிருந்து பார்த்தால் கோர்ட்டின் முன்புறமும் கார்கள் நிற்கும் இடமும் தெரியும். மழை விட்டிருந்தது. இருவரும் சுவரோரம் நின்றார்கள்.

முன்வாசலில் டார்டாஃப் வெளியே வந்தான். பருமனான ஆள், சாம்பல் கோட்டு. வெளியே வந்ததும் டையை இழுத்துக் கழற்றி ஜேபியில் திணித்தான். ஃபெர்ன்லியின் கையைக் குலுக்கினான். ஒரு வெள்ளை வேன் அவனுக்காக நின்றுகொண்டிருந்தது. ஓட்டும் இடத்தில் அவன் மகன். வேனின் பக்கவாட்டில் பளிச்சென்று புதுப் பெயர் எழுதியிருந்தார்கள்.

"போலாம் லென், டாக்ஸி வர்ற பக்கம் திரும்பிக்குங்க," என்று பெவ் அவர் கையைப் பிடித்தாள்.

லென் நகரவில்லை. வேனின் முன் இருக்கையில், மகனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கலாம். கம்பளித் தொப்பி, முழங்கை வரை சிமெண்டுத் தூள். மடியில் இரண்டு கையையும் கவிழ்த்து வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

டார்டாஃப் வேனை நோக்கி நடந்தான். அவன் இன்னும் பத்தடி தூரத்தில் இருக்கும்போதே அந்த ஆள் கதவைத் திறந்து இறங்கிவிட்டான். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து வேனின் பின்பக்கம் போனான். பின்கதவைத் திறந்து மணல் மூட்டைகளுக்கு நடுவே ஏறிக் குந்தினான்.

"ஏய்!" என்று கத்தினாள் பெவ். யாரைக் கூப்பிடுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. போனை எடுத்துப் போலீஸ் அதிகாரியின் நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏழு மாசம்," என்றார் லென். இந்தத் தரம் அதைக் கணக்குப் பார்ப்பவர் போலச் சொன்னார்.

பின்கதவு இன்னும் திறந்தே கிடந்தது. உள்ளேயிருந்து சாத்த அதற்குப் பிடி கிடையாது. அந்த ஆள் முட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். டார்டாஃப் முன்னால் ஏறி, கால் நீட்டி, கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்ட பிறகு, மகன் சாவகாசமாக இறங்கிச் சுற்றி வந்தான். கதவைச் சாத்தினான். வெளியே இருந்த தாழ்ப்பாளைப் போட்டு, விழுந்துவிட்டதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.